கலியமூர்த்தி கத்துக்குடுத்த பிரெஞ்சு

நாற்காலின்னு பேரு. அருவாமனைய விட ரெண்டு வெரக்கட ஒசரம், அவ்ளோதான். அதுல கலியமூர்த்தி உக்காந்திருக்கான். முட்டி ரெண்டும் காதுகிட்ட நிக்குது. கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல. மடியில வைக்கலாம்னா மடின்னு ஒண்ணு இல்ல, முட்டிமேல வச்சா ஜோசியருக்கு முன்னாடி குந்தியிருக்குறவன் மாதிரி இருக்கு. போதாக்கொறைக்கு கால் விவகாரம் வேற. வகுப்பு வாசலுக்கு வந்த ஒடனே பழக்கதோசத்துல பூட்ஸக் கழட்டி ஓரமா வச்சிட்டு உள்ள நொழஞ்சிட்டான். பள்ளிக்கூடம்னா படிப்பு, படிப்புன்னா சரஸ்வதி, சரஸ்வதி இருக்குற எடத்துக்குள்ள எவன் செருப்போட போவான். இந்த ஊர்ல எல்லாரும் போறான். அத்தன பொடிசும் ஷூவோட நிக்குது, டீச்சரம்மா முட்டி வரைக்கும் பூட்ஸோட நிக்கிறாங்க, இவன் மட்டும் சாக்ஸோட. அந்த சாக்ஸுலயும் இடது கால்ல ஒரு ஓட்ட. அது வழியா கட்ட வெரலு, மாப்பிள்ள வீட்டுக்காரங்கள சன்னல் சந்துல எட்டிப் பாக்குற கொழுந்தியா மாதிரி, வெளிய தலைய நீட்டி எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருக்கு. மூக்கு ஒழுகுன ஒரு பொண்ணு அந்த வெரலப் பாத்துச்சு. பாத்துட்டு, ஓஹோ இன்னிக்கு இப்படித்தான் போலன்னு தரையில குந்தி தன் ஷூவக் கழட்ட ஆரம்பிச்சிது. அதப் பாத்து இன்னொண்ணு. அதப் பாத்து நாலஞ்சு. ஆளுக்கு ஒரு ஷூவத் தூக்கிக்கிட்டு ஒரே கூச்சல். டீச்சரம்மா, ஓடில்னு பேரு, புள்ளைங்க மெத்ரெஸ்னு கூப்புடுதுங்க, அவங்க கோவப்படல. கையக் காத்துல மெதுவா அமுக்குனாங்க, தூங்குற கொழந்தையத் தட்டுற மாதிரி, "தூஸ்மான், தூஸ்மான்"னாங்க. கூச்சல் அப்படியே படிஞ்சு எறங்கிருச்சு. மெதுவாங்கறதுக்கு அதான் வார்த்த போலருக்கு. கலியமூர்த்தி மனசுக்குள்ள ஒரு தடவ சொல்லிப் பாத்தான், அவங்க கொரல்லயே, முடியுற எடத்துல மூக்கால கொஞ்சம் இழுத்து. வந்துருச்சு. அவனுக்கு எதுவும் ஒரு தடவ கேட்டாப் போதும், வந்துரும். அர்த்தம் மட்டுந்தான் வராது.

மக தையல்நாயகி அந்தப் பக்கம் கட்டைங்க அடுக்குற மேசையில உக்காந்திருக்கா. முதுகு இவன் பக்கம். ரெட்டச் சடை, பொண்டாட்டி அமுதா விடியக்காலையில எழுந்து எண்ண வச்சு இழுத்துப் பின்னுனது. அந்தச் சடையப் பாத்துக்கிட்டே இருக்கான். நாலு வயசு. வீட்ல அது வாயா, வாய்க்கா மதகா. தொறந்தா மூடாது. அப்பா ஏன் மழ பேயுது, அப்பா மழைக்கு யாரு சோறு போடுறா, அப்பா மீனு அழுவுமா, அழுதா அந்தத் தண்ணி எங்கப்பா போவும். ராத்திரி கண்ணு சொருகுற வரைக்கும் பேச்சு. அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துல வாயே தொறக்கலையாம். செப்டம்பர்ல சேந்துச்சு, இப்ப மாசி பொறந்துருச்சு, ஒரு வார்த்த கெடையாதாம். அமுதாதான் வந்து சொன்னா, ஈரக் கோட்டக் கூட கழட்டாம நின்ன வாக்குல. "என்னாங்க, டீச்சரம்மா சொன்னதுல பாதிதாங்க புரிஞ்சிது. புள்ள பேசவே மாட்டேங்குதாம். லீவுக்குள்ள பேசலேன்னா டாக்டர்ட்ட காட்டணும்ங்கறாங்க. அதுக்கு முன்ன அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் காலையில வந்து கூடவே உக்காருங்க, பாப்போம்னாங்க." நீ போயேன்னான் இவன். "எனக்கு கவர்மெண்டு வகுப்பு இருக்குல்ல, புதுசா வந்தவங்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்குடுக்குறது. போவலேன்னா பேர எடுத்துருவாங்க. நீங்க போங்க. ஒங்களுக்கென்ன, ஊரையே சிரிக்க வச்ச ஆளு." அத ஓட்டல்ல கூட வேல பாக்குற சவரிநாதன்ட்ட சொல்லியிருக்க வேணாம். அவன் வெங்காயம் உரிச்சிக்கிட்டே சொன்னான், "பேசாத புள்ளைங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்குண்ணே இங்க. அங்க தூக்கிப் போட்டுருவாங்க. நல்லாத்தான் பாத்துக்குவாங்க, ஆனா அப்பறம் அந்தப் பக்கம்தான்." அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்னு கேக்கல இவன். கேட்டா அவன் சொல்லிருவானேன்னு கேக்கல. அன்னிக்கு வீசுன பரோட்டா மாவெல்லாம் நடுவுல கிழிஞ்சு கிழிஞ்சு போச்சு.

ஈரக் கம்பளி வாடை, அது மேல பெயிண்டு வாடை, அதுக்கும் மேல யாரோ உரிச்ச கமலா ஆரஞ்சு. கமலா ஆரஞ்சு வாடைக்கு மாயவரம் பஸ் ஸ்டாண்டு வரும் அவனுக்கு. பூம்புகார் பஸ்ஸு, கூடைய சன்னல் ஒசரத்துக்குத் தூக்குற பொம்பளைங்க, அப்பறம் மணிக்கூண்டுகிட்ட அவன் வேல பாத்த பரோட்டாக் கடை. அங்க அவன் வாயிக்குன்னே கூட்டம் வரும். கல்லுல முட்டைய ஒடச்சிக்கிட்டே கண்டக்டராட்டம் விசிலடிப்பான், ரேசன் கடைக்காரராட்டம் "இன்னிக்குப் பாமாயில் வரல, நாளைக்கு வா"ம்பான், பெரியாஸ்பத்திரி நர்சம்மாவாட்டம் "ஆம்பளதான நீ, ஊசிக்குப் போயி கத்துற"ம்பான். சால்னா ஆறுறது தெரியாம ஆளுங்க சிரிச்சிக்கிட்டு கெடப்பாங்க. ஒன் வாய் ஒண்ணு போதுண்டா கலியா, நீ எந்தத் தேசத்துலயும் பொழச்சிக்குவன்னு சொல்லாத ஆளு கெடையாது. அந்த வாய நம்பித்தான் பிளேன் ஏறுனான். ஏர்போர்ட்ல கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருந்த ஆளு என்னமோ கேட்டான். கலியமூர்த்தி சிரிச்சான். அந்தாளு திரும்பக் கேட்டான். இவன் திரும்பச் சிரிச்சான். அன்னிக்கு மூடுன வாய். லீல்ங்கற இந்த ஊருக்கு வந்து, செங்கல்லும் மழையுமா, ரெண்டாவது குளிர் ஓடுது, ரொட்டிக் கடையில இன்னும் ஒரே ஒரு வார்த்ததான் பேச்சு. கண்ணாடிக்குள்ள என்னென்னமோ மினுக்குது, பாதாம் பதிச்சது, கிரீம் வழியுறது, பாக்குறப்பவே நாக்கு நனையுது. பேரு சொல்லத் தெரிஞ்சது பாகெத்துங்கற நீட்டு ரொட்டி ஒண்ணுதான். அதுனால பாகெத். வந்ததுலேர்ந்து பாகெத். ஓட்டலுக்குள்ள போயிட்டா கவல இல்ல, மொதலாளி காரைக்கால், சவரி காரைக்கால், பாத்திரம் கழுவுற தம்பி ஜெயங்கொண்டம், அது ஒரு மாயவரம். கதவத் தொறந்து வெளிய வந்தா ஊமை. அந்த வார்த்தைய மனசு தொட்டுச்சு. தொட்ட ஒடனே, சுடுகல்லத் தொட்ட கை மாதிரி எடுத்துக்கிச்சு. வேற நெனப்போம். கமலா ஆரஞ்சு. பூம்புகார் பஸ்ஸு.

ஆனா வீட்டுக்குள்ள அவன் பிரெஞ்சு பேசுவான். பேசுவான்னா, பேசுவான். ஆகஸ்டுல அம்மாவும் புள்ளையும் வந்து எறங்குனப்பவே ஆரம்பிச்சது. தையலு கேட்டா, "அப்பா, இங்க எப்படிப்பா பேசணும்?" தெரியாதுன்னு சொல்ல இவனுக்கு வாய் வரல. எல்லாம் தெரிஞ்ச அப்பா அவன், ஏரோபிளேன்ல மொதல்ல வந்த அப்பா. "அது என்னா பெரிய வித்த. ஒதட்டக் குவிச்சிக்க, அடுப்பு ஊதுறாப்ல. மூக்க அடச்சிக்க, சளி புடிச்சாப்ல. இப்ப சொல்லு பாப்போம். ஃபுலோங் ஷபூ மராங்." "அப்டின்னா என்னாப்பா?" "அப்டின்னா எனக்கு இன்னொரு கரண்டி ரசம் வேணும்னு அர்த்தம்." புள்ள ஒதட்டக் குவிச்சு, கண்ண உருட்டி, அப்படியே சொல்லிருச்சு. ஒரு எழுத்து பெசகல. "கரெக்ட். ஃபுல் மார்க்." அமுதா செவுத்துல சாஞ்சு சிரிக்கிறா, "நல்லாத்தான் சொல்லிக்குடுக்குறீங்க, பள்ளிக்கூடத்துல போயி ரசம் கேக்கப் போவுது ஒங்க மக." அதுலேர்ந்து தெனம் அந்தக் கூத்துதான். சட்ட போட ஃபுலோங், தல சீவ ஷபூ, தூங்கப் போவ மராங். அவன் பிரெஞ்சுக்காரன் மாதிரி தோளக் குலுக்குவான், போஸ்டுகாரம்மா மாதிரி பெருமூச்சு விடுவான், அவ உருண்டு உருண்டு சிரிப்பா. அந்தச் சிரிப்புக்காகத்தான் பாத்திரத்தோட பாத்திரமா நாள் பூரா வேவுறது. அந்தச் சிரிப்புல எங்க நோவு இருக்கும். நோவுள்ள புள்ள அப்படிச் சிரிக்குமா.

இப்ப எல்லாரும் செவுத்துப் பக்கம் போறாங்க. அங்க ஒரு அட்டையில ரெண்டு வீடு வரஞ்சிருக்கு, ஒண்ணு வீடு, ஒண்ணு பள்ளிக்கூடம். ஒவ்வொரு புள்ளையும் தன் போட்டோவ எடுத்து வீட்லேர்ந்து பள்ளிக்கூடத்துல ஒட்டணும், எடுக்குறப்ப போங்ஜூர்னு வணக்கம் சொல்லணும். ஒண்ணு கத்துச்சு, ஒண்ணு முனகுச்சு. தையலு மொறை வந்துச்சு. போட்டோவ எடுத்தா. டீச்சரம்மா குனிஞ்சு பாத்தாங்க, சிரிச்ச மொகமா, காத்துக்கிட்டிருந்தாங்க. கலியமூர்த்தி இங்க மூச்சப் புடிச்சிக்கிட்டான். சொல்லும்மா. போங்ஜூர்தான், எனக்கே தெரியுது. அவ ஒட்டிட்டு வந்து உக்காந்துட்டா. ஒதடு ஒண்ணு மேல ஒண்ணு, தைச்ச மாதிரி. தையல்நாயகின்னு பேரு வச்சது தப்போ, அடச்சீ, வைத்தீஸ்வரன்கோயில் அம்மன் பேரு, கன்னத்துல போட்டுக்கடா. டீச்சரம்மா ஒண்ணும் சொல்லல. பக்கத்துல இருந்த புள்ளைங்க ஏதோ கேக்க, அதுங்ககிட்ட மட்டும் மெல்லமா ரெண்டு வார்த்த சொன்னாங்க, கையக் காத்துல அமுக்கி. என்ன சொன்னாங்க. இது ஊமைப் புள்ள, தொந்தரவு பண்ணாதீங்கன்னா? ஒரு பாசையில ஒரு ஆளப் பத்தி அந்தாளு முன்னாலயே என்ன வேணாலும் சொல்லலாம், தெரியாதவன் சிரிச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பான். அப்பதான் அதக் கவனிச்சான். மேசைக்கு அடியில தையலோட வலது கை. அது ஆடுது. மெதுவா, மேலயும் கீழயும், துடிக்கிற மாதிரி. ஒதட்டு ஓரமும் சேந்து அசையுது, சத்தமில்லாம. டீச்சரம்மா பேசுனா ஆடுது, நிறுத்துனா நிக்குது. வலிப்பு நோவா. மாமா மக ஒருத்திக்கு இப்படித்தான் கையில ஆரம்பிச்சுது. சவரி சொன்ன அந்தப் பக்கம் இதானா. வீட்ல ஒரு நாள் கூட ஆடுனதில்லையே, இல்ல ஆடுச்சா, நாமதான் ஃபுலோங் ஷபூன்னு குதிச்சிக்கிட்டு பாக்காம விட்டமா.

எழுந்து அவகிட்ட போவலாம்னு பாக்குறான், நாற்காலி இடுப்போட சேந்து வருது. அத ஒரு கையால அமுக்கிப் புடுங்கிக்கிட்டிருக்குறப்ப மூக்கு ஒழுகுன பொண்ணு முன்னால வந்து நின்னுச்சு. மார்கோன்னு பேரு, சட்டையில படம் போட்டுத் தச்சிருந்துச்சு, போங்ஜூர் சொல்றப்ப டீச்சரம்மாவும் அப்படித்தான் கூப்புட்டாங்க. இவனக் காட்டி, தையலக் காட்டி, "பாபா? பாபா?"ன்னுச்சு. ஆமாம்மா, அப்பாதான்னு தலைய ஆட்டுனான். அதுக்கு மொகமெல்லாம் சந்தோசம். தெரிஞ்சவங்க வீட்டு ஆளுக்கு அவங்க பாசையிலயே வணக்கம் சொல்ற மாதிரி, ஒதட்டக் குவிச்சு, அடுப்பு ஊதுற மாதிரி குவிச்சு, கண்ண உருட்டி, சொல்லிச்சு. "ஃபுலோங் ஷபூ மராங்." பின்னாலேர்ந்து இன்னும் ரெண்டு மூணு பொடிசுங்க சேந்துக்கிச்சு. ஃபுலோங் ஷபூ மராங், ஃபுலோங் ஷபூ மராங். கெக்கெக்கேன்னு சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்ல, வெளையாட்டுச் சிரிப்புதான். ஆனா அது இங்க எப்படி வந்துச்சு. அது ஒலகத்துலயே ஒரே ஒரு வீட்ல இருக்குற பாசை. அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவுல பொறந்தது. அத இங்க கொண்டாந்து வைக்க ஒரே ஒரு ஆளுதான் இருக்கு. கலியமூர்த்தி மெதுவா தலையத் திருப்புனான். தையலு கட்டையவே பாத்துக்கிட்டிருக்கா. காது மடலு செவந்து கெடக்கு.

கொண்டாந்துருக்கா. மொத நாளு. புதுச் சட்ட, புதுப் பை, உள்ள அப்பா கத்துக்குடுத்த பிரெஞ்சு. தண்ணி வேணும்னு நெனச்சாளோ, அம்மா வேணும்னு நெனச்சாளோ, இதே மேசைக்கு முன்னால நின்னு, ஒதட்ட ஒழுங்காக் குவிச்சு, ஒரு எழுத்து பெசகாம சொல்லியிருக்கா. சொல்லிட்டு காத்திருந்திருப்பா, ரசம் வரும்னு. வகுப்பே சிரிச்சிருக்கும். திரும்பச் சொல்லியிருப்பா, தப்பாச் சொல்லிட்டமோன்னு, இன்னும் நல்லாக் குவிச்சு. இன்னும் சிரிச்சிருக்கும். அன்னிக்கோட மூடுன வாய். அன்னிக்கு சாயங்காலம் நடந்தது இவனுக்கு இப்பதான் ஞாபகத்துக்கு வருது, நேத்து நடந்த மாதிரி, கையில மாவு ஒட்டுறது கூடத் தெரியுது. வீட்டுக்கு மாவு பெசஞ்சிக்கிட்டிருந்தான். தையலு பக்கத்துல வந்து நின்னு கேட்டா. "அப்பா, நீ சொன்னது பிரெஞ்சுதானப்பா?" இவன் திரும்பிக் கூடப் பாக்கல. "பின்ன? ராசா வீட்ல இதான் பேசுவாங்க. ஃபுலோங் ஷபூ." அவ நின்னா. அப்பறம் சிரிச்சா. அதான் இப்ப வெளங்குது, அந்தச் சிரிப்பு. அதுக்கப்பறம் இத்தன மாசமா தெனம் ராத்திரி அவன் ஆடுனப்பல்லாம் அவ சிரிச்சிருக்கா, திருப்பிச் சொல்லியிருக்கா, ஃபுல் மார்க் வாங்கியிருக்கா. தெரிஞ்சே. அப்பாவுக்குத் தெரியாதுங்கறது தெரிஞ்சே. ஊரையே சிரிக்க வச்ச ஆளாம். ஒரு நாலு வயசு புள்ள அவனச் சிரிக்க வச்சு, தூங்கப் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு.

டீச்சரம்மா கையத் தட்டுனாங்க. எல்லாரும் பாயில வட்டமா குந்துறாங்க. இவனையும் கூப்புடுறாங்க, "மொசியே, மொசியே", வட்டத்து நடுவுல எடம் காட்டி, வாயத் தொட்டு, காதத் தொட்டு. பாட்டோ கதையோ, ஒங்க ஊர்து ஏதாவது. கலியமூர்த்தி நடுவுல போயி நின்னான், ஓட்ட சாக்ஸோட. அத்தன கண்ணும் கட்ட வெரலு மேல. என்ன பாடுறது. ஒண்ணும் தோணாம, கை பாட்டுக்கு காத்துல மாவ வீசிருச்சு, வாய் பாட்டுக்கு கல்லுல விழுற சத்தத்தப் போட்டுருச்சு, பட், சொய்ங். ஒரு பொடிசு சிரிச்சிது. அப்பறம் குக்கரு விசிலு. அப்பறம் பூம்புகார் பஸ்ஸு கெளம்புறது, கண்டக்டரு, ஒரு காக்கா, அந்தக் காக்காவ வெரட்டுற பொம்பள. பாயே குலுங்குது. மார்கோ படுத்துட்டா. அர்த்தம் ஒண்ணும் வேணாம், சத்தம் போதும், மணிக்கூண்டுகிட்ட நிக்கிற மாதிரியே இருந்துச்சு கொஞ்ச நேரம். டீச்சரம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டே சிரிச்சாங்க. சிரிச்சிட்டு, அவன் காலக் காட்டி, என்னமோ கேட்டாங்க. கேள்வி. கேள்விதான் அது, கடைசியில கொரலு மேல போச்சு. கலியமூர்த்தி சிரிச்சான். அவங்க திரும்பக் கேட்டாங்க. திரும்பச் சிரிச்சான். கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருந்த அந்தாளு வந்துட்டான், வகுப்பு நடுவுல. ஒதடு தன்னால குவியுது. பழக்கம். ஃபுலோங் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிக்குது, சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க, சிரிச்சா தப்பிச்சிரலாம். அப்ப தையலப் பாத்தான். அவ இவன் ஒதட்டத்தான் பாத்துக்கிட்டிருக்கா. வேணாம்ப்பான்னு கண்ணு சொல்லுது. கலியமூர்த்தி வாய மூடிக்கிட்டான்.

தையலு எழுந்தா. பாவாடையத் தட்டிவிட்டுக்கிட்டு, வட்டத்துக்குள்ள வந்து, அப்பாவுக்கு முன்னால, அவன மறைக்கிற மாதிரி நின்னா. மறைக்க முடிஞ்சது முட்டி வரைக்குந்தான். வலது கைய நீட்டி காத்துல அமுக்குனா, மேசைக்கடியில ஆடுன அதே ஆட்டம், தூங்குற கொழந்தையத் தட்டுற ஆட்டம். "தூஸ்மான், மெத்ரெஸ்"னா. அப்பறம் ஒரு நீள வரி. பிரெஞ்சு. நெசமான பிரெஞ்சு. ஓடில் டீச்சரம்மாவோட கொரலு, அச்சு அசல், முடியுற எடத்துல மூக்கால இழுக்குறது வரைக்கும், அந்தச் சின்ன வாயிலேர்ந்து வருது. புள்ளைங்க அவளையும் டீச்சரம்மாவையும் மாத்தி மாத்திப் பாக்குதுங்க, யார் வாயிலேர்ந்து வந்துச்சுன்னு. டீச்சரம்மா கை வாய்க்குப் போயி அங்கயே நின்னுருச்சு.

"என்னடி சொன்ன?"ன்னான் கலியமூர்த்தி.

"அப்பா புதுசு, இன்னும் பேச்சு வரல, மெதுவாக் கேளுங்க, வந்துரும்னேன்."

"யாரு சொல்லிக்குடுத்தா ஒனக்கு?"

"மெத்ரெஸ்தான். என்னயப் பத்தி எல்லார்கிட்டயும் அப்டித்தான் சொல்லுவாங்க."

டீச்சரம்மா முட்டி போட்டு ஒக்காந்தாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு, ஆனா தையல அள்ளித் தூக்கல, கொண்டாடல, இது தெனம் நடக்குறது மாதிரி, கேட்ட கேள்வியவே வார்த்த வார்த்தையா, மெதுவாத் திருப்பிக் கேட்டாங்க. தையலு கேட்டுட்டு அப்பாவப் பாத்தா.

"கால் சில்லுன்னு இல்லையான்னு கேக்குறாங்கப்பா."

கலியமூர்த்தி குனிஞ்சு கட்ட வெரலப் பாத்தான். வெரலு வெறச்சுக் கெடந்துச்சு, காலையிலேர்ந்தே வெறச்சுத்தான் கெடந்திருக்கு. "கொஞ்சம்"னான்.

"அதுக்கு அன் பெ-ன்னு சொல்லணும்."

வாயத் தொறந்தான். கண்டக்டரு வரல, நர்சம்மா வரல, ராசா வீட்டுக்காரங்க யாரும் வரல. "அன் பெ"ன்னான்.

"அடுப்பு ஊதாதப்பா. சும்மாச் சொல்லு."

"அன் பெ."

தையலு தலையச் சாய்ச்சு அவன் ஒதட்டப் பாத்தா.

"ம். பாதி மார்க்."